எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க

டாக்டர் சகாதேவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சனிக்கிழமை மூன்று மணியானால் வெளிநோயாளிகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, மேஜைமேல் ஒரு நோட்டை எடுத்து வைப்பார். அந்த வாரம் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்பதை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் தப்பு நடந்தால் அவசர அவசரமாக மூடி வைப்பார்கள். இங்கே டீயும் மசால் வடையும் வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தார்கள்.

"தப்பு செஞ்சது யாருன்னு எனக்கு வேணாம். அது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அந்த வழிய அடைச்சுடுவோம்" என்பார்.

முதல் தப்பை அவரே சொல்லுவார். எக்ஸ்ரேயைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இடது கை முறிந்த ஆளுக்கு வலது கையில் மாவுக்கட்டுப் போட ஆரம்பித்த கதையை அவர் சொன்னபோது கம்பவுண்டர் பலராமனுக்குப் புரையேறிவிட்டது. "அந்த ஆளு ஒரு வார்த்தை சொல்லல பாரேன். டாக்டர் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்" என்று டாக்டரும் சிரித்தார். அன்றிலிருந்து முறிந்த கையிலோ காலிலோ முதலில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஒரே வார்டில் இரண்டு கஸ்தூரிகள் சேர்ந்து, மலச்சிக்கல் கஸ்தூரிக்கும் பேதிக் கஸ்தூரிக்கும் மருந்து மாறிப்போன வாரத்திலிருந்து எல்லாக் கட்டிலிலும் பேரோடு ஊர்ப்பேரும் எழுதித் தொங்கியது. இப்படி ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தாழ்ப்பாள். மலையடிவாரத்தில், யாரோ ஒரு செட்டியார் எழுதிவைத்த கட்டடத்தில், இருபது கட்டிலோடு நடந்த சின்ன ஆஸ்பத்திரி அது. பெரிய ஆஸ்பத்திரிகளைவிட அங்கே ஆட்கள் பிழைத்துப் போனதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டில் அதிகம் பேசியது ஜினமதி. தப்பு அதிகம் செய்தாள் என்பதில்லை, ஒளிக்காமல் சொல்லுவாள். முப்பத்தாறு வயது, நர்ஸ் வேலையில் பதினான்கு வருஷம், கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டால் தப்பு நோட்டுக்குப் போய்விடும், ராத்திரி தூக்கம் தனக்கு வந்துவிடும் என்பது அவள் கண்ட சுகம். எல்லாரும் அவளை மதி சிஸ்டர் என்றார்கள். முழுப் பேர் அவளுடைய சர்ட்டிபிகேட்டில் மட்டும் இருந்தது. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், அந்தப் பேரைப் படித்தும் அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

வடஆற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஜினமதி என்றால் நயினார் வீட்டுப் பெண், ஜைன வீட்டுப் பெண். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிடுகிற வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். வேலூருக்கு நர்ஸ் படிக்கப் போனபோது ஹாஸ்டலில் எட்டு மணிக்குத்தான் சோறு. ஆறு மாசம் பட்டினி கிடந்து பார்த்தாள். ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டரில் கத்திரிக்கோல் தட்டோடு மயங்கி விழுந்தாள். அதன்பிறகு எட்டு மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். அதை யாரோ சொந்தக்காரர் பார்த்து ஊரில் பற்றவைக்க, அப்பா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வருஷம் அவளுக்கு வாழ்நாள் முழுதுக்கும் போதுமாயிருந்தது. அப்புறம் நயினார் யார் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், தான் இன்னார் என்று அவள் காட்டிக்கொள்வதில்லை. தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொரு ஊர்ஜனம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் தர்மதேவியம்மாள் வந்து சேர்ந்தார். சேத்துப்பட்டுக்கு அப்பால் ஒரு கிராமம், நயினார் வீடு. அறுபத்திரண்டு வயது, காலில் ஆறாத புண், உடம்பு முழுக்கச் சர்க்கரை. கூட மகள் கனகலதா வந்திருந்தாள். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு இருப்பவள், அதிகம் பேசாதவள். வராந்தாவில் ஸ்டவ்வை வைத்து அம்மாவுக்கு அவளே கஞ்சியும் கூட்டும் செய்து கொடுத்தாள்.

முதல் நாளே கட்டுப் பிரிக்கும்போது அந்த அம்மா ஜினமதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த ஊரும்மா?"

"வேலூர்ப் பக்கங்க."

"பேரு?"

"மதி."

"வெறும் மதிதானா?"

"ஆமாங்க. கால அசைக்காதீங்க, எரியும்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டு காலை நீட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் ஜினமதி நினைத்தாள்.

இரண்டு நாள் அவளுக்குக் காலை டூட்டி. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கனகலதா அம்மாவுக்குச் சோறு போட்டுக் கை கழுவ வைத்ததைப் பார்க்க அவள் அங்கே இல்லை. புதன்கிழமை முறை மாறி மத்தியானம் வந்தாள். அன்று நாலு மணி ரவுண்டில் டாக்டர், சாயந்திர நேரத்துச் சர்க்கரை இறங்கவேயில்லை என்று சொல்லி, அன்று முதல் மாலையிலும் ஒரு இன்சுலின் ஊசி எழுதினார். ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்குச் சாப்பாடு. இன்சுலின் ஊசி போட்டால் அரை மணிக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த மருந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையெல்லாம் தின்றுவிட்டு ஆளையும் தின்றுவிடும். இது நர்ஸ் படிக்கிற பெண்ணுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அன்றைக்கென்று கனகலதாவின் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். மறுநாள் நடவு, ஆட்களுக்குச் சோறாக்க வேண்டும், தங்கச்சி வந்தால்தான் ஆயிற்று. கனகலதா ஐந்து மணிக்கே அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போகிற அவசரத்தில் ஆயா பாஞ்சாலையிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். அன்று ராத்திரிக்கு அந்தக் கட்டிலுக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆறரைக்கு ஜினமதி வார்டு விளக்கைப் போட்டாள். வெளியே மலை கறுத்துவிட்டிருந்தது. தர்மதேவியம்மாளின் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். செங்கல் நிறத்துக்கு வந்தது. ஏகப்பட்ட சர்க்கரை. டாக்டர் எழுதிய அட்டவணைப்படி இருபத்து நாலு யூனிட். ஏழு மணிக்கு, ஒரு நிமிஷம் பிந்தாமல், போட்டாள்.

"அரை மணியில கோதுமை உப்புமாவும் பாலும் வந்துடுங்க. சாப்டுடணும், விட்டுடக்கூடாது" என்றாள்.

அந்த அம்மா ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறவர்போல் இருந்தது. பிறகு, "சரிம்மா" என்றார்.

எட்டு மணிக்கு ஜினமதி டூட்டியை ஒப்படைத்துவிட்டு காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த தன் அறைக்குப் போனாள். ரசம் சாதம் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள்.

விடிகாலை ஐந்து மணிக்குப் பாஞ்சாலை வந்து கதவைத் தட்டினாள். "சிஸ்டர், சேத்துப்பட்டம்மா எழுந்துக்கவே மாட்டேங்குது, ஒடம்பெல்லாம் தண்ணியா நனைஞ்சு கெடக்குது."

ஓடினாள். அவளுக்கு முன்னால் டாக்டர் வந்து நரம்பில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் போயிற்று, இன்னொன்று போயிற்று. அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஏழே முக்காலுக்கு மூச்சு நின்றது.

துணியை மாற்றலாம் என்று ஜினமதி கட்டிலோரத்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே தட்டில் உப்புமா இருந்தது. ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடி, பக்கத்தில் பால் டம்ளரைத் துணி கட்டி ஒழுங்காக வைத்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டில் சரசு அழுதுகொண்டே சொன்னாள்: "ஆயா தட்ட வெச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. சாப்புடலயாம்மான்னு கேட்டேன், பொழுது போயிடுச்சு, காலைல பாத்துக்கறேன்னாங்க. அப்பறம் வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. பாலையாவது குடியேன்னேன். விடியட்டும்மான்னாங்க. அப்பறம் தூங்கிட்டாங்கன்னு நெனச்சேன்." ராத்திரி டூட்டி பார்த்த நர்ஸ் ஒரு பிரசவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தாள். இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, அம்மா தூங்குகிறார் என்று போயிருந்தாள்.

மகன் குணபாலன் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டது, எவ்வளவோ பார்த்தோம் என்று டாக்டர் சொன்னார். பொய்யில்லை, ஆனால் பாதி. பாஞ்சாலை தன் பங்குக்கு, "பொழுது போயிடுச்சுன்னு ஒரு வாய் சாப்புடலைங்க" என்றாள். அதைக் கேட்டதும் அந்தப் பெரிய ஆம்பிளை கையைக் குவித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா விரதத்தோட போயிட்டாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் கனகலதா நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வேனில் ஏறும்போது மட்டும், "ஒரு ராத்திரி கூட இருக்க முடியல உனக்கு" என்றார். அது ஜினமதியின் காதில் விழுந்தது.

சனிக்கிழமை வந்தது. வடை வாங்கப் போகவில்லை. நோட்டு மேஜைமேல் இருந்தது. ராத்திரி நர்ஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஜினமதிதான் எழுந்து சொன்னாள். அவர்கள் பொழுதுக்குள் சாப்பிடுகிறவர்கள், அஸ்தமித்த பிறகு சாப்பிடமாட்டார்கள். ஊசி ஏழு மணிக்கு, சாப்பாடு ஏழரைக்கு. ஊசியைப் போட்டது நான். சாப்பிடுவீர்களா என்று கேட்கவில்லை, சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

டாக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "இது என் தப்பு. எழுதினவன் நான். ரவுண்டுல நின்னு எத்தனையோ கேட்டேன், எப்ப சாப்பிடுவீங்கன்னு கேக்கல. நம்ம கடிகாரத்த அவங்க வயித்துக்கு மாட்டிட்டோம். இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு நம்ம யாருக்கும் தெரியாமப் போச்சு" என்றார்.

யாருக்கும் தெரியாமல் போயிற்றா? எனக்குத் தெரியும் டாக்டர் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். எங்கள் வீட்டில் அடுப்பு ஆறு மணிக்கு அணைந்துவிடும், அந்த அம்மா நீ எந்த ஊர் என்று என்னைக் கேட்டார், நான் மழுப்பினேன், எட்டு மணிச் சாப்பாடு பழகிப்போய் அன்று அந்த நினைப்பே எனக்கு வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நோட்டில் அதுவரை எதையும் ஒளிக்காதவள் அன்று ஒளித்தாள். வடஆற்காட்டு ஆளான அடி அண்ணாமலைக்காரர் பலராமன் மட்டும் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவள் பேர் தெரியும்.

"இவ்வளவு தைரியமா சொன்னியே மதி, நீ இல்லன்னா வழி எதுன்னே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்த மெச்சுதல் அவளை அறைந்தது.

அன்றே புதுத் தாழ்ப்பாள் போட்டார்கள். ஊசி எழுதுவதற்கு முன்னால், "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, நோயாளி சொன்ன நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். முதல் கவளம் உள்ளே போகிறவரை ஊசி போட்ட நர்ஸ் கட்டிலை விட்டு நகரக்கூடாது.

ஆறு வாரம் கழித்து ரம்ஜான் நோன்பு நேரத்தில் தையற்காரர் கரீம் பாய் சர்க்கரையோடு வந்து சேர்ந்தார். காலை ஊசி போடப்போன நர்ஸ் கேள்வியைக் கேட்டாள். "பொழுது எறங்கினப்பறம்தான்மா, நோன்பாச்சே. யார்கிட்டயும் சொல்லிக்கல, சொன்னா நோன்ப விடச் சொல்லிடுவீங்க" என்றார் அவர். ஊசியைப் போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் ஆள் முடிந்திருப்பார். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வராந்தாவில் ஜினமதியை நிறுத்தி, "பாத்தியா மதி? அந்தம்மா ஒரு உசுரக் காப்பாத்திட்டாங்க" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு மருந்துத் தட்டோடு நகர்ந்தாள். அந்த அம்மா எங்கே காப்பாற்றினார்? உங்கள் உயிரைக் கொடுங்கள், நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்று அவரை யார் கேட்டார்கள்? கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே, விலை கொடுத்தது அங்கே, ஒரு கிராமத்து வீட்டில். அந்த வீட்டில் ஒரு பெண் தன் குற்றம் என்று நினைத்துத் தலை குனிந்துகொண்டிருக்கிறாள். ராத்திரித் தூக்கம் போய் ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. மறுநாளே ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஜினமதி பஸ் ஏறினாள்.

சேத்துப்பட்டில் இறங்கி நாலு மைல் நடந்தபோது சாயங்காலம் நாலரை. கனகலதா பின்கட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சிஸ்டர்" என்று பாயை விரித்தாள். ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை.

ஜினமதி பாயில் உட்காராமல் வெறும் தரையில் உட்கார்ந்தாள். ஊசி, நேரம், உப்புமா, எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க மேல தப்பு இல்லைங்க. நீங்க இருந்திருந்தா நடந்திருக்காதுன்னு உங்க அண்ணன் நெனைக்கறாரு. நாங்க கேட்டிருந்தாலே நடந்திருக்காது. உங்கம்மா விரதத்தால சாகல. நான் போட்ட ஊசியாலதான் செத்தாங்க" என்றாள். பிறகு எங்கேயும் சொல்லாததையும் சொன்னாள். "நானும் நயினார் வூட்டுப் பொண்ணுதான். எம்பேரு ஜினமதி."

கனகலதாவின் கை மட்டும் நின்றது. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"மொத நாளே அம்மா சொல்லிட்டாங்க. சின்ன வயசுல எங்க கோயில் தேருக்கு உங்கப்பா வந்து பாடுவாராமே, அதே நெத்தி, அதே மூக்குன்னாங்க. அந்தப் பொண்ணு சொல்லிக்க இஷ்டப்படல, இன்னா கஷ்டமோ, நாம கேக்க வேணாம்னாங்க." கடலையை மறுபடி கையிலெடுத்தாள். "அன்னிக்கு நான் போகமாட்டேன்னுதான் சொன்னேன். நடவு கெடக்குது, ராத்திரி உன்ன யாரு பாப்பாங்கன்னேன். சாயந்திரம் நம்ம பொண்ணுதான் இருக்குது, எதை எந்நேரத்துக்குக் குடுக்கணும்னு அதுக்குத் தெரியாதா, நீ தைரியமாப் போன்னு அவங்கதான் என்னைப் பஸ்ஸுக்கு அனுப்பினாங்க."

கனகலதா உரித்த கடலையை முறத்தில் போட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன் சிஸ்டர். ராச்சாப்பாடு இல்லன்னு அம்மா ஊருக்கே சொல்லுவாங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்டக்கூட சொல்லுவாங்க. அதுல அவங்களுக்கு ஒரு பெருமை. வேற எந்த நர்ஸா இருந்தாலும், 'நான் அஞ்சு மணிக்கே சாப்டாச்சும்மா, இனிமே காலைலதான்'னு வாயத் தொறந்து சொல்லியிருப்பாங்க. சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"உங்ககிட்டதான் சொல்லல. நம்ம பொண்ணாச்சே, எல்லாம் தெரிஞ்சுதான் போடுது, உப்புமா கிப்புமா எல்லாம் ஊருக்கு முன்னாடி வாய்ப்பேச்சுக்குச் சொல்லுதுன்னு நெனச்சிருப்பாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு கணம் ஜினமதியின் கண்ணுக்கு முன்னால் நின்றது. பதினான்கு வருஷமாக வேற்றாளாக வேஷம் போட்டவளை ஒருவர் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததைக்கூட அவளுக்காக மறைத்து, அவள்மேல் முழு நம்பிக்கை வைத்து, அதனாலேயே செத்துப்போனார். வாயில் புடவையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கனகலதா தடுக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் ஜினமதி சொன்னாள்: "உங்க அண்ணன் வரட்டும். இதெல்லாம் அவருகிட்டயும் சொல்லிடறேன். உங்க மேல பழிய வெச்சிருக்கிறது நியாயம் இல்ல."

"வேணாம்."

"ஏங்க?"

"அம்மா போனதுலேர்ந்து அவரு ஒழுங்கா சாப்புடல. விரதத்தோட போனாங்கன்ற ஒண்ணுதான் அவரைத் தாங்குது. கோயில்ல அம்மா பேர்ல பூஜை செஞ்சாரு. ஊர்ல எல்லாரும் வந்து, உங்கம்மா மாதிரி சாவு யாருக்கு வரும்னு சொல்லிட்டுப் போறாங்க. அத நீங்க எடுத்துட்டா, ஊசி தப்பா போட்டுச் செத்த பொம்பளதான் அவருக்கு மிச்சம். நடவுக்கு என்னைக் கூப்புட்டது அவருதான்றதும் அப்பத்தான் அவருக்கு ஒறைக்கும். என் மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறாரு. அவருக்கு எங்கயாவது வெக்கணும் இல்ல அந்தக் கோவத்த?"

"அது உங்களுக்கு..."

"எனக்குப் பழகிடுச்சு. நீங்க வந்து சொன்னீங்க. என் மேல இல்லன்னு எனக்குத் தெரியும். அது போதும்." எழுந்து முறத்தை ஓரமாக வைத்தாள். "பொழுது சாயுது. அவரு வர்றதுக்குள்ள நான் உலை வெக்கணும். நீங்க கெளம்புங்க சிஸ்டர்."

ஜினமதி எழுந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. குணபாலன் தோளில் மண்வெட்டியோடு வந்து நின்றார். ஒன்றரை மாசத்தில் ஆள் பாதியாகியிருந்தார். வெள்ளைப் புடவைக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆஸ்பத்திரிப் பொண்ணுதானே நீ? அன்னிக்கு சாயந்திரம் அம்மாவப் பாத்துக்கிட்டது நீதானாமே?"

"ஆமாங்க."

மண்வெட்டியை இறக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தன்னைவிட வயதில் சின்னவளுக்கு முன்னால் அந்த மனிதர் இரண்டு கையையும் குவித்தார்.

"உன்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேம்மா. வேற எவளாச்சும் இருந்தா, அதட்டி மிரட்டி ஊட்டி விட்டிருப்பா. அம்பது வருஷ விரதம் ஒரு வாய் உப்புமாவுல போயிருக்கும். நீ கட்டாயப்படுத்தாம விட்ட. எங்கம்மாவ விரதம் கெடாம அனுப்பி வெச்ச புண்ணியம் உன்னுதும்மா."

ஜினமதி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். உள்கட்டு நிலைப்படியில் கனகலதா நின்றுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். கண்ணில் கெஞ்சல் இருந்தது.

சொல்லிவிட்டால் தனக்குத் தூக்கம் வரும் என்று ஜினமதிக்குத் தெரியும். எத்தனையோ சனிக்கிழமை அந்தச் சுகத்தை அனுபவித்தவள் அவள். இந்த வீட்டில் அது தனக்கு இல்லை என்பதும் அப்போது அவளுக்குப் புரிந்தது. அவர் நன்றியை வாங்கிக்கொள்கிறவள்போல் அவளும் கையைக் குவித்தாள்.

"வரேங்க" என்றாள்.

"இருந்து சாப்டுட்டுப் போம்மா. இன்னும் பொழுது இருக்குது" என்றார் குணபாலன்.